எப்சன் வி600: நெகட்டிவ் ஸ்கேன் செய்ய வாங்கலாமா?

பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேனரை அல்ல, தங்களிடம் இருக்கும் பிலிம் என்ன அளவு என்பதை. ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த 120 பிலிம் (35 மி.மீ.யைவிட அகலமான சுருள்) என்றால் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 அருமையான கருவி. 35 மி.மீ. என்றால் சுமார்தான்.

பெட்டியின் மேல் 6,400 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று போட்டிருக்கும். உண்மையில் கிடைக்கும் நுணுக்கம் ஏறக்குறைய 1,600 டிபிஐதான். அந்தக் கணக்கில் 35 மி.மீ. பிரேம் ஒன்று சுமார் 3.4 மெகாபிக்சல், 7×5 அங்குலம் வரை நன்றாக அச்சிடலாம். அதே கணக்கில் 120 பிலிமின் 6×6 செ.மீ. நெகட்டிவ் 12 மெகாபிக்சலைத் தாண்டும். ஸ்கேனை 2,400 டிபிஐயில் வைத்தால் போதும். 6,400 வைத்தால் கோப்பு வீங்குமே தவிர, முகத்தில் ஒரு முடிகூடக் கூடுதலாகத் தெரியாது.

மூடியின் உட்புறமுள்ள வெள்ளைப் பலகையைக் கழற்றாமல் பிலிமை ஸ்கேன் செய்ய முடியாது. பிலிமின் பளபளப்பான பக்கம் கீழே இருக்க வேண்டும். பிலிமைப் பிடித்துவைக்கும் சட்டமான ஹோல்டரின் மேல்முனையில் இருக்கும் திறப்பில் தூசியோ பிலிம் நுனியோ மறைத்தால் படம் முழுக்க வண்ணக் கோடுகள் விழும். ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் அளவுதிருத்தம் அந்த இடத்தில்தான் நடக்கிறது. விளக்கு எல்.ஈ.டி. என்பதால் சூடாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெரிய தலைவலி வளைந்த பிலிம். இதில் ஃபோகஸ் நிலையானது, ஹோல்டரின் உயரத்தையும் மாற்ற முடியாது. நடுப்பகுதி தொங்கினால் அங்கே மட்டும் மங்கலாகிவிடும். நெகட்டிவை உறையோடு கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதீர்கள். பிலிமை நேராகக் கண்ணாடி மேல் படுக்கவைத்தால் வானவில் வளையங்கள் வரும்.

டிஜிட்டல் ஐஸ் வசதிக்காகவே இதை வாங்கலாம். அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து அழிக்கிறது. நேரம் நிறையப் பிடித்தாலும் கலர் நெகட்டிவில் பலன் பிரமிக்க வைக்கும். கறுப்பு வெள்ளையில் மட்டும் அணைத்துவிடுங்கள். அதிலுள்ள வெள்ளித் துகள் அகச்சிவப்பைத் தடுப்பதால் படத்தையே கீறல் என்று நினைத்துச் சிதைத்துவிடும். கோடாக்கின் பழைய கலர் ஸ்லைடு பிலிமான கோடக்ரோமிலும் இது தடுமாறும். இந்த இரண்டிலும் புளோவரால் தூசியை ஊதிவிட்டு, மிச்சத்தைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கடலோர ஊர் நெகட்டிவ்களில் பூஞ்சை சகஜம். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலத்தை அது தின்ற இடத்தை ஐஸாலும் மீட்க முடியாது. தயவுசெய்து தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் நீரில் கரைந்து படமும் போய்விடும். இருக்கும் நிலையிலேயே முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

மென்பொருளில் புரொஃபஷனல் மோடைத் தேர்ந்தெடுத்து, 48 பிட் கலர், டிஃப் (TIFF) கோப்பு என்று வையுங்கள். 2,400 டிபிஐயில் 35 மி.மீ. பிரேம் ஒன்று சுமார் 46 எம்.பி. ஆகும். படத்தைக் கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க் வேண்டாம், பிற்பாடு நாமே செய்துகொள்ளலாம். நெகட்டிவின் ஆரஞ்சுச் சாயத்தை மென்பொருள் ஓரளவு சரியாகவே நீக்குகிறது என்றாலும், தோல் நிறத்தை ஒவ்வொரு சுருளுக்கும் ஒருமுறை சரிபாருங்கள்.

வீட்டில் இருப்பது முழுக்க 35 மி.மீ. மட்டும் என்றால் இதை விட்டுவிட்டு, அந்த அளவுக்கென்றே வரும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200i-ஐப் போன்ற ஒன்றைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பிரேமாகக் கையால் நகர்த்த வேண்டியிருக்கும்.