டயபர் புண்ணுக்கு ‘மூன்று மருந்து’ க்ரீமைத் தந்தால் வாங்காதீர்கள்

பச்சைக் குழந்தைக்கு டயபர் கட்டிய இடம் சிவந்திருக்கிறது என்று மருந்துக் கடையில் சொன்னதும், டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல் ஒரு சின்ன ட்யூபை நீட்டிவிடுகிறார்கள். காசு கொடுக்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது வீரியமான ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்திருக்கும். புண் என்ன வகை என்று பார்க்காமலே தருகிற கலவை.

பூசிய ஓரிரு நாளில் சிவப்பு வடிந்துவிடும். ஏமாறுவது அங்கேதான். நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடி அதே ட்யூப். டயபர் மூடிக் கட்டியிருப்பதால் மருந்து தோலுக்குள் கூடுதலாக இறங்குகிறது. தோல் மெலியும். நாள்கணக்கில் தொடர்ந்தால் ரத்தத்தில் கலந்து, உடலுக்குத் தேவையான ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலையையே மந்தமாக்கலாம்.

பெரும்பாலும் டயபர் புண் என்பது ஈரமும் மலமும் பட்டுத் தோல் வெந்துபோவதுதான். டயபர் உரசும் மேட்டுப் பகுதி சிவந்து, தொடை இடுக்கு தப்பியிருக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை டயபர் மாற்றுங்கள். மலம் போனால் உடனே. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாக அப்புங்கள். மெல்லிசாகத் தடவினால் பயனில்லை. அடுத்த முறை மேலே ஒட்டிய மலத்தை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சக் களிம்பின் மேலேயே இன்னொரு பூச்சு போடலாம். சுரண்டி எடுத்தால் ஆறிவரும் தோலும் உரியும். தினமும் சிறிது நேரம் டயபர் இல்லாமல் காற்றாட விடுங்கள்.

இடுக்குக்குள்ளேயே அடர் சிவப்பாக, ஓரத்தில் சிறுசிறு பருக்கள் சிதறியிருந்தால் பூஞ்சை. அதற்கு குளோட்ரிமசோல் அல்லது நிஸ்டாடின் தனியாகப் போதும், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. பவுடர் வேண்டவே வேண்டாம். தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. போரிக் அமிலம் கலந்த பவுடர் குழந்தைக்கு விஷம்.

மூன்று நாளில் குறையவில்லை, கொப்புளம், சீழ், ரத்தக் கசிவு என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் பச்சைக் குழந்தைக்கு ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கலவை க்ரீமை ஏற்கெனவே வாரக்கணக்கில் பூசியிருந்தால், நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் ட்யூபையும் கையோடு எடுத்துப் போய், எத்தனை நாள் பூசினீர்கள் என்று சொல்லுங்கள்.