லிஜ்ஜத் பாப்பட் – அப்பளம் தின்னு வளர்ந்தவனோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், சாம்பார் சாதத்துக்கும் வத்தக்குழம்புக்கும் நம்ம ஊர் அப்பளம் தான், அதுல பேச்சுக்கே இடமில்ல, மும்பை மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் போனா இன்னமும் ரெண்டு கட்டு வாங்காம வரமாட்டேன். ஆனா தயிர் சாதத்துக்கும் சாயங்காலம் சும்மா கொறிக்கறதுக்கும் லிஜ்ஜத்துங்கற பெண்கள் அமைப்போட மிளகு போட்ட உளுந்து பாப்பட்டை அடிச்சுக்க ஆளே இல்ல. தயவுசெஞ்சு எண்ணெய்ல போடாதீங்க. இடுக்கில புடிச்சு கேஸ் தீயில நேரா காட்டி திருப்பிட்டே இருக்கணும், ஓரத்துல வெள்ளை வெள்ளையா கொப்புளம் கிளம்பும்போது பெருங்காய வாசனை ஹால் வரைக்கும் வரும் பாருங்க, அப்ப எடுத்துடணும், ஒரு நொடி அசந்தா கரி தான்.

சுவைக்கு மட்டும் இதை எழுதல. எங்க பில்டிங் மாவ்ஷி (மராத்தில சித்தி, பெரியம்மானு கூப்பிடற மாதிரி) ஒருத்தங்க லிஜ்ஜத்துக்கு பாப்பட் தேய்க்கறாங்க. காலைல பிராஞ்சுக்கு போவாங்க, நேத்து தேய்ச்சு காய வெச்சதை அங்க எடை போட்டு செக் பண்ணி வாங்கிப்பாங்க, காசு கைக்கு வந்துடும், இன்னைக்கு தேய்க்க பிசைஞ்ச மாவை டப்பால வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க. தினமும் இதே தான். மாவு அங்கயே ஒரே அளவுல பிசையறதால யார் தேய்ச்சாலும் ருசி மாறாது. ஒரு தடவை அவங்க தேய்ச்சதுல ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல காட்டுனாங்க, பின்னாடி இருக்கற விரல் தெரியுது! ஓரம் கொஞ்சம் தடிச்சு இருந்ததை அவங்களே தனியா எடுத்து வெச்சுட்டாங்க, இது நம்ம பேர்ல போகக்கூடாதுனு சொன்னாங்க. அந்த "நம்ம" தான் சார் விஷயம்.

ஏன்னா அங்க தனியா முதலாளினு யாரும் கிடையாது. 1959 மார்ச் 15ஆம் தேதி மும்பை கிர்காம்ல ஒரு மொட்டை மாடில 7 பொம்பளைங்க 80 ரூபா கடன் வாங்கி ஆரம்பிச்சது, முதல் நாள் வெறும் 4 பாக்கெட். நல்லதுல ஒண்ணு, மட்டமா மலிவா இன்னொண்ணுனு முதல்ல ரெண்டு தரம் போட்டிருக்காங்க, அவங்களுக்கு வழிகாட்டுன சகன்லால் பாரேக் தான் ஒரே தரமா போடுங்க, அதுல மட்டும் கை வைக்காதீங்கனு சொன்னவர். இப்போ 40,000 பேருக்கு மேல, அத்தனை பேரும் பங்குதாரர். சேரும்போதே உறுதிமொழி படிவத்துல கையெழுத்து, வீட்ல பாப்பட் காய வைக்க சுத்தமான இடம் இல்லன்னா மாவு பிசையற வேலையோ பேக்கிங்கோ குடுப்பாங்க, லாபமோ நஷ்டமோ எல்லாருக்கும் சேர்த்து தான். சின்னவங்க பெரியவங்கனு இல்லாம எல்லாருமே "பென்" தான், குஜராத்தி பாஷைல சகோதரினு அர்த்தம். ஆரம்பிச்ச 7 பேர்ல ஒருத்தரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

எங்க ஆபீஸ்லயும் சடங்குக்கு குறைச்சல் இல்லீங்க. மூணு மாசத்துக்கு ஒரு டவுன்ஹால் மீட்டிங், டீம் பேர் போட்ட டீஷர்ட், டீல் முடிஞ்சா மணி அடிக்கறது, "எல்லாரும் ஓனர் மாதிரி யோசிங்க"னு ஒரு ஸ்லைடு, ஆனா இன்கிரிமென்ட் சமயத்துல மட்டும் மூச்சு பேச்சு காணோம், கணக்கை எவனும் காட்ட மாட்டான். மாவ்ஷி பண்றதும் தினமும் ஒரே மாதிரியான சடங்கு தான், ஆனா அதுல எடைத்தட்டு இருக்கு, காசு இருக்கு, லாபத்துல பங்கு இருக்கு. வெறும் மணி அடிச்சு என்ன ஆகப்போகுது.

வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம், மும்பை மழைல பாக்கெட்டை பிரிச்சா உடனே காத்து புகாத டப்பால போட்டுடுங்க, இல்லன்னா நமுத்துடும். பாசிப்பருப்புல பண்ணதும் இருக்கு, கொஞ்சம் சாது. பூண்டு போட்டது செம காரசாரம், ஆனா வீட்ல அம்மா இருந்தா அமாவாசை அன்னிக்கு அதை அடுப்பு பக்கம் கூட விட மாட்டாங்க, மிளகு பாக்கெட்டே சேஃப்.