அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு: அரசு தரும் இலவசக் கேள்வித் தொகுப்பு எவ்வளவு உதவும்?

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தரவிறக்குவது யு.எஸ்.சி.ஐ.எஸ். (அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை) தளத்தில் கிடைக்கும் கேள்வி-பதில் பிடிஎஃப் கோப்பைத்தான். ஆட்சிமுறையும் வரலாறும் பற்றிய குடிமையியல் தேர்வில் தேறுவதற்கு அது போதும். காசு கொடுத்துப் பயிற்சி வகுப்பில் சேரவோ செயலி வாங்கவோ தேவையில்லை. ஆனால் ஆட்சி எப்படி நடக்கிறது, ஏன் அப்படி அமைத்தார்கள் என்று புரிந்துகொள்ள அது மட்டும் போதாது.

எந்தத் தொகுப்பைப் படிப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். குடியுரிமை விண்ணப்பப் படிவமான என்-400ஐ 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ தாக்கல் செய்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய தொகுப்பு. அதற்கு முன்பே தாக்கல் செய்தவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் 100 கேள்விகள். தாக்கல் செய்த தேதிதான் கணக்கு. தேர்வு நடக்கும் நேர்காணல் எப்போது என்பது பொருட்டல்ல. பழைய தேர்வில் 10 கேள்விகள் வரை கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். புதியதில் 20 வரை, 12 சரியாக வேண்டும். 12 சரியானதும் அதிகாரி நிறுத்திவிடுவார்; 9 தவறானாலும் அங்கேயே முடிந்துவிடும்.

தேறுவதற்குத் தேவையான சரியான விடைகளின் விகிதம் மாறவில்லை என்றாலும் புதிய தொகுப்பு கொஞ்சம் கடினம்தான். ஆட்சியின் மூன்று பிரிவுகளில் ஒன்றைச் சொன்னால் போதும் என்றிருந்தது. இப்போது மூன்றையும் சொல்ல வேண்டும். நாட்டில் வாழும் எல்லோருக்கும் உள்ள உரிமைகளில் இரண்டு கேட்ட இடத்தில் மூன்று கேட்கிறார்கள். இது நல்ல மாற்றம். பேச்சுரிமை, மத உரிமை, கூடும் உரிமை, அரசிடம் முறையிடும் உரிமை ஆகியவை குடிமக்களுக்கு மட்டுமல்ல, அங்கே வாழும் எல்லோருக்கும் உண்டு என்பது விண்ணப்பிப்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விஷயம். மத்தியத் தேர்தல்களில் வாக்களிப்பது, மத்தியப் பதவிக்குப் போட்டியிடுவது போன்றவை குடிமக்களுக்கே உரியவை.

128இல் 72 கேள்விகள் ஆட்சிமுறை பற்றியவை, 46 வரலாறு, மீதி 10 சின்னங்களும் விடுமுறை நாட்களும். ஆட்சிமுறைப் பகுதிதான் தொகுப்பின் பலம். சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்ற கேள்விக்கு, எல்லோரும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், தலைவர்களும் கட்டுப்பட வேண்டும், அரசும் கட்டுப்பட வேண்டும், சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை என்று நான்கு பதில்கள் உண்டு. ஒன்றைச் சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கருத்து முழுதாகப் பிடிபடும்.

குறை எங்கே என்றால், விடைகள் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. மசோதாவை வீட்டோ செய்வது, அதாவது ஏற்க மறுப்பது யார்? அதிபர். அவ்வளவுதான் விடை. ஆனால் அதோடு கதை முடிவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் முதல் விதி, 7ஆம் பிரிவின்படி மசோதா கைக்கு வந்தபின், ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து 10 நாட்களுக்குள் அதிபர் கையெழுத்திட வேண்டும் அல்லது ஆட்சேபங்களோடு திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால், மத்தியச் சட்டமியற்றும் அமைப்பான காங்கிரஸின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதை மீறிச் சட்டமாக்கலாம். எதுவுமே செய்யாமல் விட்டால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாமல் போனால் மட்டும் அது செத்துவிடும். அதிகாரப் பிரிவினை, தடையும் சமநிலையும் (ஆட்சியின் ஒரு பிரிவை இன்னொன்று கட்டுப்படுத்துவது) என்று தொகுப்பு சொல்லும் பெரிய சொற்களுக்கெல்லாம் உயிர் இந்த ஒரு பிரிவில் இருக்கிறது.

நாடாளுமன்ற முறையில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு இடம் இடறும். அமைச்சர் என்றால் அவையின் உறுப்பினர் என்று பழகியிருப்போம். அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சரவைப் பதவி வகிக்க அரசமைப்புச் சட்டம் இடம் தராது. தேர்வாளர் குழு (எலெக்டோரல் காலேஜ்) பற்றிய விடையும் இப்படித்தான். அதுதான் அதிபரைத் தீர்மானிக்கிறது என்று படித்தால் கேள்விக்குப் போதும். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள், செனட்டின் 100 இடங்கள், தலைநகர் வாஷிங்டனுக்கு 3, ஆக மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், வெற்றிக்கு 270 என்ற கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான் தேர்தல் இரவுச் செய்திகள் புரியும். காங்கிரஸ் நூலகத்தின் விளக்கவுரையோடு கூடிய அரசமைப்புச் சட்டத் தளமும் இலவசம்தான். தொகுப்போடு அங்கே முதல் மூன்று விதிகளையும் முதல் பத்துத் திருத்தங்களையும் படிப்பது நல்லது.

பலர் சறுக்குவது பாடத்தில் அல்ல, பழக்கத்தில். வரிசையாக மனப்பாடம் செய்தால் இடையிலிருந்து கேட்கும்போது தடுமாறும். கலைத்துப் போட்டு, வேறொருவர் வாய்விட்டுக் கேட்க, ஆங்கிலத்தில் சத்தமாகப் பதில் சொல்லிப் பழக வேண்டும். தேர்வு வாய்மொழித் தேர்வு. ஒன்று கேட்டால் ஒன்றே சொல்லுங்கள். அதிபர், சபாநாயகர், தலைமை நீதிபதி, உங்கள் மாநில ஆளுநர், செனட்டர்கள் பெயர்கள் மாறக்கூடியவை. அச்சடித்து வைத்த தாளை நம்பாமல், யு.எஸ்.சி.ஐ.எஸ். இதற்கென்றே வைத்திருக்கும் பக்கத்தை நேர்காணலுக்கு முந்தைய நாள் பார்த்துவிடுங்கள். வாஷிங்டன் டி.சி.யில் வசிப்பவர்கள் தங்களுக்கு செனட்டர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத் தேர்வு தனி. மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். பேச்சுத் திறனை அதிகாரி பெரும்பாலும் என்-400 படிவத்தில் உள்ள கேள்விகளை வைத்தே எடைபோடுவார். விசுவாசம், உறுதிமொழி, நாடுகடத்தல் போன்றவற்றுக்குப் படிவம் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களுக்குக் குடிமையியல் தொகுப்பில் விளக்கம் தேடாதீர்கள். நிரப்பிய படிவத்தையே வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

தேறாவிட்டால் 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு வாய்ப்பு, அதுவும் தவறிய பகுதிக்கு மட்டும். அதிலும் தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மறுபடி கட்டணம் கட்டித் தொடங்க வேண்டும். 2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் இணையவழியில் 710 டாலர், தாளில் 760 டாலர்.

பெற்றோருக்காகத் தேடுகிறவர்கள் கவனிக்க: 65 வயது நிறைந்து, கிரீன் கார்டோடு 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகள் மட்டுமே. அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். ஆங்கிலத் தேர்வு கிடையாது. மொழிபெயர்ப்பாளரோடு தமிழிலேயே பதில் சொல்லலாம்.