“இடிசல் சாமான் எங்கள் பொறுப்பு” என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

பூர்வீக வீட்டைச் சரிசெய்து நாலைந்து அறையை விருந்தினருக்கு விடலாம், காலைப் பலகாரத்தையும் நாமே போடலாம் என்று ஓய்வுக்குப் பிறகு திட்டம் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் காரைக்குடி வட்டாரத்தில் வீடு உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் ஒப்பந்தக்காரரிடம் பேசுங்கள். எங்கள் வீட்டிலிருந்து 11 தேக்கு உத்தரங்களும் வேலைப்பாடு செய்த இரண்டு கதவு நிலைகளும் போய்விட்டன. யாரும் இரவில் வந்து திருடவில்லை. பட்டப்பகலில், நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் பேரில் லாரியில் ஏறிப் போயின.

நான் 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். வீட்டுக் கடன் பத்திரங்களை வரி வரியாகப் படித்து, காற்புள்ளி தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்பியவன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீடு பெரிய அரண்மனை எல்லாம் இல்லை. தெருத் திண்ணை, முகப்பு, நடுவில் முற்றம் வைத்த வளவு, சுற்றி அறைகள், பின்னால் இரண்டாம் கட்டு. எங்கள் ஐயா பர்மாவில் கணக்கப்பிள்ளையாக இருந்து சம்பாதித்துக் கட்டியது. 20 வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பொங்கலுக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் திறப்போம். 2022-இல் ஓய்வு பெற்றதும் பங்காளிகள் எல்லோரிடமும் பேசி, எழுதி வாங்க வேண்டியதை எழுதி வாங்கி, வில்லங்கம் போட்டுப் பார்த்து, அந்த வேலையை மட்டும் சுத்தமாக முடித்தேன். அதிலேயே பாதி உயிர் போய்விட்டது. மீதிக் கவனத்தைக் கொத்து வேலைக்கு வைத்திருந்திருக்க வேண்டும்.

மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டேன். ஒருவர் 16.5 லட்சம் சொன்னார், இன்னொருவர் 15.8. மூன்றாமவர் 9.8 லட்சம். பழைய வீடுகளைப் புதுப்பிப்பதில் அனுபவம் என்று சொல்லி போனில் நூறு படம் காட்டினார். “அண்ணே, உங்க வீடு எங்க வீடு மாதிரி” என்றார். பிற்பாடு அதைச் சொன்னபடியே நடத்தினார்! அவர் கொடுத்த நாலு பக்கத் தாளில், மூன்றாம் பக்கம் கீழே, ஒரு வரி: “இடிசல் மற்றும் பழைய சாமான் அப்புறப்படுத்தல் எங்கள் பொறுப்பு, கட்டணம் இல்லை.” நல்ல மனுஷன், குப்பை அள்ளும் செலவு மிச்சம் என்று நினைத்தேன். மற்ற இருவருக்கும் இவருக்கும் இடையே இருந்த 6 லட்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

தை பிறந்ததும் வேலை தொடங்கியது. மாசியில் மகளுக்குப் பிரசவம். நானும் வீட்டுக்காரியும் பெங்களூரில் 12 நாள் இருந்தோம். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. வளவு உத்தரத்தின் முனை, சுவருக்குள் செருகியிருந்த பகுதி, தூள் தூளாக உதிர்ந்து கிடந்தது. “அண்ணே, பூராவும் செல்லு அரிச்சிருக்கு. ஆள் தங்குற இடம், ரிஸ்க் எடுக்க வேணாம். இரும்பு போட்டுரலாம்.” இன்னும் இரண்டு படங்கள். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு “சரிப்பா, பார்த்துச் செய்” என்று பதில் போட்டேன். அந்த மூன்று சொல்தான் இப்போது வழக்கில் அவருடைய முக்கிய ஆவணம்.

பிற்பாடு அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் மரத்தின் ஓரத்தில் பழைய காலத்து ஒயர் ஓட்டும் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்று இருக்கிறது, ஒரு மூலை உடைந்தது. மூன்றும் ஒரே உத்தரம், ஒரே முனை. கோணம்தான் வேறு.

ஊருக்குத் திரும்பியபோது வளவில் சாம்பல் நிற இரும்பு உத்தரங்கள் வரிசையாக நின்றன. பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார்: “ஏம்ப்பா, ஒவ்வொரு மரத்தையும் நாலு ஆளு சேர்ந்து முக்கி முக்கி ஏத்துனானுக. செல்லரிச்ச மரம் அவ்வளவு கனமாவா இருக்கும்?”

எழுபத்தெட்டு வயது ஆச்சிக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வேறொரு ஆசாரியை அழைத்து, மிஞ்சியிருந்த உத்தரங்களைக் காட்டினேன். அவர் ஒரு சின்ன உளியை எடுத்து, சுவரில் செருகிய இடத்திலிருந்து அரை அடிக்கு ஒருமுறை குத்திக்கொண்டே வந்தார். முதல் குத்தில் உளி இறங்கியது, இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதிலிருந்து ‘டிங்’ என்று திரும்பியது. சுவருக்குள் இருக்கும் முனையில்தான் ஈரம் தங்கும், அதுதான் முதலில் கெடும், ஒரு அடியை அறுத்துவிட்டு ஒட்டுப்போட்டால் இன்னும் நூறு வருடம் நிற்கும் என்றார். போன 11-க்கும் கணக்குப் போட்டார். 12 அடி நீளம், 8 அங்குலத்துக்கு 6 அங்குலம், ஒன்று 4 கன அடி, மொத்தம் 44. கன அடி 4,000-க்குக் குறையாது என்பது அவர் சொன்ன விலை. அதுவே 1.76 லட்சம். கதவு நிலைகள் இரண்டுக்கும் அவர் விலை சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. பழைய கதவும் தூணும் என்ன விலைக்குப் போகின்றன என்று தெரிந்துகொள்ள, வேலை தொடங்கும் முன்பே அங்கே ஒரு நடை போயிருக்கலாம். நான் போனது எல்லாம் முடிந்த பிறகு.

மரம் போனதைவிட எனக்கு ஆறாதது தரை. முகப்பில் ஆத்தங்குடிப் பூக்கல், பச்சையும் செங்காவியும். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் கலந்த கலவையை அடைத்து, காயவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. அப்பத்தா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துக் கூட்டியது. வேலையாட்கள் பெயிண்ட் சொட்டை எடுக்கக் கழிவறை ஆசிட்டை ஊற்றியிருக்கிறார்கள். சிமெண்டில் ஆசிட் பட்டால் என்ன ஆகும்? நுரைத்துக்கொண்டு மேல்தோலைத் தின்றுவிடும். நாலு வரிசை கல் சாக்பீஸ் தேய்த்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. எண்ணெய் போட்டால் ஊருக்குப் போன நிறம் ஒரு மணி நேரம் திரும்பி வருகிறது, அப்புறம் மறுபடி போய்விடுகிறது.

சுவர்க் கதை எல்லோரும் அறிந்ததுதான். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிடும். ஐப்பசி மழை முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொருமிக்கொண்டு நின்றது. தட்டினால் காலிப் பானை சத்தம்.

இதற்கிடையில், சுற்றுலாத் துறைச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒப்பந்தக்காரருடைய கூட்டாளி ஒருவர் 35,000 கேட்டார். “நீங்க திருச்சியிலேயே இருங்க, பையனைப் போட்டு நடத்திக்கலாம்” என்றார். நல்லவேளை, அதில் மட்டும் விழவில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கும் வீட்டுத் திட்டத்துக்கு நாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்று முதல் 6 அறை வரை, அதிகபட்சம் 12 படுக்கை. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆள் வைத்து நடத்துவது அதில் வராது.

பணம் 7.4 லட்சம் போயிருக்கிறது. 2 லட்சம் ரொக்கம், ரசீது இல்லை. மீதி ஜிபே, அதுவும் ஒப்பந்தக்காரர் கணக்குக்கு இல்லை, அவர் மச்சினன் கணக்குக்கு. ஜிஎஸ்டி பில் கேட்டால் “18 சதவீதம் உங்களுக்குத்தானே அண்ணே நஷ்டம்” என்பார். பில் போட்டு, அவர் பெயரிலேயே பணம் அனுப்பியிருந்தால் அந்த 18 சதவீதம்தான் எனக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். விசாரணை நடப்பதால் பெயர் எழுதவில்லை. என்னைப் போல் மாட்டியவர்களுக்கு ஒரு விஷயம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வீடு இருக்கும் மாவட்டம் என்று சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வேலை தொடங்கும் முன் எடுத்த படம் இருந்தால் அதுதான் தங்கம். என்னிடம் இருந்தது எங்கள் சாந்தி கல்யாண, அதாவது அறுபதாம் கல்யாண ஆல்பம் மட்டும். மாலை போட்டு நிற்கும் எங்களுக்குப் பின்னால் நிலைக்கதவு பாதி தெரிகிறது. அதைத்தான் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஐந்து அறைத் திட்டத்தை இரண்டாகக் குறைத்துவிட்டோம். நானும் அவளும் மூன்று மாதமாக இரண்டாம் கட்டில் அடுப்பு வைத்துக் குடியிருக்கிறோம். உளி வைத்துப் பார்த்த அதே ஆசாரிதான் வேலை பார்க்கிறார், தினக்கூலிக்கு. முதல் நாள் அவர் உளியைத் தொடவே இல்லை. சாக்பீஸ் வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு மரத்திலும் எண் போட்டார். நான் 80 பக்க நோட்டில் எண், நீளம், எந்த அறை என்று எழுதிக்கொள்கிறேன். பழைய ஆணி உட்பட எது வாசலைத் தாண்டினாலும் ஆச்சி திண்ணையிலிருந்து குரல் கொடுக்கிறார். நேற்று மாலை வரை 61 எண் ஆகியிருக்கிறது.