மார்ல்பரோ, பிரிட்ஜ்வாட்டர்: எந்த டியூக் பட்டம் தப்பியது?

இங்கிலாந்துப் பிரபுக்களின் மிக உயர்ந்த பட்டமான டியூக் பட்டம் பொதுவாக ஆண்வழிக்குத்தான் போகும். 1702-இல் மார்ல்பரோ டியூக் ஆன ஜான் சர்ச்சிலின் மகன் மறு வருடமே பெரியம்மையில் இறந்தான். ராணிக்கு வேண்டிய தளபதி அல்லவா, 1706-இல் மகள்களுக்கும் பட்டம் போகும்படி சட்டமே போட்டார்கள்! 1722-இல் மூத்த மகள் ஹென்ரியெட்டா டச்சஸ் (பெண் டியூக்) ஆனார். 1733-இல் பட்டம் அவருடைய தங்கை மகன் சார்லஸ் ஸ்பென்சருக்குப் போனது. ஆக, அந்தக் குடும்பம் ஆண்வழியில் ஸ்பென்சர்தான். சர்ச்சில் பெயரை 1817-இல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

பிரிட்ஜ்வாட்டருக்கு இந்தச் சலுகை இல்லை. கால்வாய் வெட்டிப் பணம் குவித்த மூன்றாம் டியூக் கல்யாணமே செய்யாமல் 1803-இல் இறந்தார். 1720-இல் வந்த டியூக் பட்டம் அத்தோடு சரி. 1617-ஆம் ஆண்டின் பழைய ஏர்ல் பட்டம் (டியூக்கை விடக் கீழானது) மட்டும் ஆண்வழி உறவினர் ஒருவருக்குப் போய், 1829-இல் அதுவும் முடிந்தது.