சிராய்ப்புக்கு எது நல்லது: காஸ் துணிக் கட்டா, ஹைட்ரோகொலாய்டு பட்டையா?

தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து, போன ஆண்டு இடது முழங்காலையும் இந்த ஆண்டு வலது முழங்கையையும் தேய்த்துக்கொண்டேன். முழங்காலுக்குப் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியும் காஸ் துணியும் வைத்துக் கட்டினேன். முழங்கைக்கு ஹைட்ரோகொலாய்டு பட்டை, அதாவது காயத்தின் நீரை உறிஞ்சிக் கூழாகும் ஒட்டுப் பட்டை, ஒட்டினேன். இனி எனக்குச் சிராய்ப்பு என்றால் பட்டைதான்.

எதைப் போட்டாலும் முதல் வேலை ஒன்றே. குழாய் நீரைத் திறந்துவிட்டு மண் போகும்வரை கழுவ வேண்டும். பொடிக்கல் உள்ளே தங்கினால் அதன்மேல் தோல் மூடி, நீலக் கறுப்பாகப் பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும். மண் பட்ட காயம் என்பதால், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம்.

சிராய்ப்பில் மேல்தோல் வழன்று, அடித்தோல் வெளியே தெரிகிறது. நரம்பு முனைகள் திறந்து கிடப்பதால்தான் அத்தனை எரிச்சல். காயத்தின் விளிம்பிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் புதுத்தோல் செல்கள் நகர்ந்து வந்து அந்தப் பரப்பை மூடுகின்றன. அவை நகர ஈரம் வேண்டும். காயம் காய்ந்து பொருக்குத் தட்டினால், அதற்கு அடியில் ஈரமுள்ள இடமாகப் பார்த்துக் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கும். ஈரம் காத்து மூடிய காயங்களில், திறந்து உலரவிட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகத் தோல் மூடியதை ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் கண்டு 1962-இல் வெளியிட்டார். ‘காற்றாட விடு, காயட்டும்’ என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம்.

ஆனால் என்னை மாற்றியது கட்டைப் பிரிக்கும் அந்தப் பத்து நிமிடம்தான். மூன்றாம் நாள் மாலை, காஸ் துணி முழங்காலோடு காய்ந்து ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரத்திலிருந்து நூல் நூலாக உரித்தேன். துணியின் உள்பக்கத்தில் மெல்லிய, பளபளப்பான படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக வளர்ந்த புதுத்தோல் அது. காயத்தில் மறுபடியும் இரத்தம் புள்ளி புள்ளியாகப் பூத்தது. அதன்மேல் மறுபடி அயோடின். அது கிருமியைக் கொல்லும். ஆய்வுக்கூடச் சோதனைகளில் புதிதாக வளரும் செல்களையும் தாக்குகிறது. இப்படிப் பதினைந்து நாள், தினமும்.

முழங்கைப் பட்டையை ஒன்பது நாளில் இரண்டே முறை மாற்றினேன். அது காயத்தின் நீரை உறிஞ்சிக் கூழாகிவிடுவதால் புண்ணில் ஒட்டுவதில்லை. அதோடு குளிக்கலாம். முதல்முறை உரித்தபோது மஞ்சளாக, வாடையோடு கூழ் வழிந்ததைக் கண்டு சீழ் என்று பதறினேன். கழுவியதும் அடியில் இளஞ்சிவப்பாகச் சுத்தமான பரப்பு தெரிந்தது. சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோதான் பயப்பட வேண்டும். அப்போது பட்டையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். சீழ் வைத்த புண், ஆழமான வெட்டு, நாய்க்கடி இவற்றுக்கு இது ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒட்ட வேண்டாம்.

குறையும் உண்டு. ஒரு பட்டையின் விலைக்கு ஒரு வாரத்துக்குக் காஸ் துணி வாங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து ஓரம் சுருண்டுவிடும். மூலைகளை வட்டமாக வெட்டி, காயத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு ஒட்டி, உள்ளங்கைச் சூடு ஏற ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ஓரளவு நிற்கிறது. விலை கட்டுபடியாகாதவர்கள் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத பஞ்சுப் பட்டை வைத்துக் கட்டலாம். அதிலும் ஈரம் காக்கப்படும்.

கட்டுக்கு ஒரு காயம், பட்டைக்கு ஒரு காயம் என்பதுதான் என் கணக்கு. அதுவும் வேறு வேறு மூட்டு. முழங்கால் நடக்கும்போதெல்லாம் மடங்கும். குணமாக எடுத்த காலத்தில் தெரிந்த ஆறு நாள் வித்தியாசம் முழுவதையும் பட்டையின் கணக்கில் எழுத மாட்டேன். கட்டுப் பிரிக்கும் வலி இல்லாமல் போனதை மட்டும் தயங்காமல் எழுதுவேன்.

புதுத்தோல் வெயிலில் சட்டென்று கறுக்கும். போன ஆண்டு அரைக்கால் சட்டையோடு திரிந்த முழங்காலில் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது. முழங்கைக்கு இப்போது முழுக்கைச் சட்டை போட்டுத்தான் மைதானத்துக்குப் போகிறேன்.