மிங் அரசின் யானைப் படைத்தளம்: பயிர்க்காவலாக எவ்வளவு தேறும்?

மிங் வம்சம் சீனாவை ஆண்ட காலத்தில், தென்சீனப் பகுதியான குவாங்ஸியின் தெற்கே ஷிவான்தாஷான் மலைகளிலிருந்து இறங்கிய யானைகள் பயிரை அழித்ததாகவும், அவற்றை விரட்டிப் பிடிக்க 1385-ல் 20,000 வீரர்கள் அனுப்பப்பட்டதாகவும் பதிவு உண்டு. அதையொட்டி அமைந்ததுதான் 'ஷுன்ஷியாங் வெய்' என்ற யானை பழக்கும் படைத்தளம். இது உழவருக்கான சேவை என்றால், உழவர் பக்கம் நின்றே மதிப்பெண் போடலாம்.

ஆள்பலத்தில் குறை சொல்ல முடியாது. 'வெய்' எனப்படும் ஒரு படைத்தளத்தில் ஏட்டளவில் 5,600 பேர். தலா 1,120 பேராக ஐந்து பிரிவுகள். சிக்கல் சோற்றில் தொடங்குகிறது. எல்லைத் தளங்களில் பத்தில் எழுவர் உழ வேண்டும், மூவர் காவல் காக்க வேண்டும் என்பது பொதுவிதி. உழுபவருக்குச் சுமார் 50 மூ (சீன நில அளவை) நிலம். யானையை விரட்ட வந்தவர்களே அது இறங்கும் பள்ளத்தாக்கில் புது வயல் திறந்தால், நாளுக்கு 150 கிலோ தீனி தின்னும் விலங்கு வேறு எங்கே போகும்?

பிடிக்கும் வித்தை தென் எல்லையில் பழையது. பழகிய பிடியைக் காட்டுக்குள் ஓட்டி, வழியெங்கும் கரும்பு போட்டு, பின்தொடரும் காட்டு யானையைக் கற்கொட்டடிக்குள் இழுப்பார்கள். வாசலைப் பெரும்பாறையால் அடைத்துப் பட்டினி போடுவார்கள். அதன் கண்ணெதிரே பிடிக்கு மட்டும் தீனி வைப்பார்கள். பசி பயத்தை வென்று அதுவும் கைநீட்டும்போது அடியும் உணவும் மாறிமாறி வரும். அடங்கியதும் பாகன் ஏறுவான். கும்கி வைத்துப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் இதனால் வயல் தப்பாது. கொட்டடியில் ஒன்று அடங்குவதற்குள் மற்றவை கதிரை முடித்துவிடும். 1388-ல் வந்த ஆணையைப் பார்த்தால் அரசின் கணக்கு புரியும்: ஸிமிங், லோங்ஜோ முதலிய இடங்களின் குறுநிலத் தலைவர்கள் தளத்துப் படையோடு சேர்ந்து சின்ஜோ, லியான்ஜோ பகுதிகளில் யானை பிடித்து, பழக்கி, திறையாக அனுப்ப வேண்டும். அரண்மனைக்குப் போன யானைதான் கணக்கு, தப்பிய நெல் அல்ல.

இதைவிட மலிவான திட்டம், மிங்குக்கு முந்தைய சொங் வம்ச காலத்திலேயே இருந்தது. 1190-ல் ஜாங்ஜோ ஆட்சியராக வந்த ஜூ ஸீ, மக்கள் யானையைக் கொல்லத் தயங்குவதன் காரணத்தைச் சரியாகப் பிடித்தார்: கொன்றால் தந்தத்தை அதிகாரிகள் பறித்துக்கொள்வார்கள். தந்தம், குளம்பு எதையும் கேட்கக் கூடாது என்று தடுத்து, யானையைக் கொன்றவருக்கு 30 சரம் காசு பரிசும் அறிவித்தார். யானைக்குக் கொடுமை, உழவருக்கு லாபம். படைத்தளத்தில் உழவருக்கு அப்படி எந்த லாபமும் எழுதப்படவில்லை.

யானைப் பிடிப்புக்கு ஐந்தில் நான்கு தரலாம். பயிர்க்காவலுக்கு ஒன்றரை, அதுவும் ஆரம்ப ஆண்டுகளுக்கு மட்டும். 15-ஆம் நூற்றாண்டில் தளங்களை விட்டு வீரர்கள் ஓடுவது நாடெங்கும் பெருகியது. குவாங்ஸியில் படையின் கவனம் தாதெங்ஷியா பள்ளத்தாக்கில் யாவ் இன மக்கள் செய்த கிளர்ச்சிமீது திரும்பியது. பெய்ஜிங்கில் 1495-ல் யானைக் கொட்டாரம் கட்டியபோதும், அன்னம் (இன்றைய வியட்நாம்), சயாம் (தாய்லாந்து), தென்மேற்குச் சீனத்து யுன்னான் தலைவர்கள் அனுப்பிய திறை யானைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அரண்மனைக்குக்கூட இந்தத் தளத்தை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை இருக்கவில்லை.